கேஸ் தீர்ந்துவிட்டதா? பாளையங்கோட்டை வீட்டில் ஒரு ஃபிரிட்ஜின் நீண்ட கால அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு கதவுகள் கொண்ட, 260 லிட்டர் கொள்ளளவுள்ள ஃப்ராஸ்ட் ஃப்ரீ, அதாவது உள்ளே படியும் பனியைத் தானே உருக்கிவிடும் ஃபிரிட்ஜ். பாளையங்கோட்டையில் மேற்குப் பார்த்த தரைத்தள வீடு ஒன்றில், சித்திரை வைகாசி வெயிலையும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தையும் தாங்கிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் காலத்தில் எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றவுடன் முதலில் காதில் விழும் சொல், ‘கேஸ் போய்விட்டது, கேஸ் அடிக்க வேண்டும்’ என்பதுதான். நான் நேரில் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கும் கேஸுக்கும் தொடர்பே இல்லை. காற்று போகும் வழி அடைபட்டிருக்கும். தண்ணீர் வடியும் துளை அடைபட்டிருக்கும். கதவு ரப்பர் தளர்ந்திருக்கும். அல்லது மின்னழுத்தம் இறங்கியிருக்கும். கேஸ் அடிக்கப் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஃபிரிட்ஜ் என்ன செய்கிறது என்று கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஃபிரிட்ஜில் உள்ள கேஸ், வண்டியில் ஊற்றும் பெட்ரோலைப் போலச் செலவாகித் தீரும் பொருள் அன்று. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடான நிலையில் வெளிக் குழாய்களுக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை அறைக் காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகிறது. பிறகு கேபிலரி எனப்படும் மெல்லிய செப்புக் குழாய் வழியாகச் சென்று அழுத்தம் குறைந்து, ஃப்ரீசருக்குப் பின்னால் உள்ள காயில் எனும் வளைவு வளைவான குழாயில் கொதித்து ஆவியாகி, உள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மீண்டும் கம்ப்ரசருக்கே திரும்புகிறது. பற்றவைத்து முற்றிலும் மூடப்பட்ட இந்தச் சுற்றுக்குள் இருப்பது பழைய பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்-134ஏ, புதியவற்றில் ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். வகையும் அளவும் பெட்டியின் பெயர்த்தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். ஐசோபியூட்டேன் என்றால் சில பத்து கிராம்கள்தான். ஆகவே கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்பிச் சென்றால், அது வந்த வழியே மறுபடியும் போய்விடும். ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியது என்பதால், அந்தப் பெட்டியின் குழாயில் கேஸ் இருக்கும்போது நெருப்பை நீட்டும் ஆளை வீட்டுக்குள் விடவே கூடாது.

உண்மையாகவே கேஸ் வெளியேறிய ஒரு பழுதை அம்பாசமுத்திரத்தில் அத்தை வீட்டில் பார்த்தேன். அது ஒற்றைக் கதவு டைரக்ட் கூல் பெட்டி, அதாவது சேரும் பனியை நாமே உருக்க வேண்டிய வகை. ஃப்ரீசரில் விரலளவு கனத்துக்கு உறைந்திருந்த ஐஸைப் பெயர்த்தெடுக்க யாரோ கத்தியின் நுனியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த வகையில் ஃப்ரீசரின் அலுமினியச் சுவரே குளிர் குழாயாகவும் இருப்பதால், ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் ‘உஸ்’ என்ற சத்தத்தோடு எல்லாம் முடிந்துவிடும். ஐஸ் அரை சென்டிமீட்டர் கனத்தைத் தொடும்போதே டிஃப்ராஸ்ட் எனும் பனி உருக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, கதவைத் திறந்து வைத்து, தானாக உருகும் வரை காத்திருப்பதுதான் டைரக்ட் கூல் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய முதன்மையான பராமரிப்பு. அவசரமென்றால் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைக்கலாம். கூரான பொருள் எதுவும் அருகில் வரக்கூடாது.

எங்கள் ஃபிரிட்ஜில் வந்த பெரிய பழுது வேறு விதமானது. மேலே ஃப்ரீசரில் ஐஸ் கட்டி உறைந்தபடியே இருந்தது. கீழ்ப் பகுதியிலோ முதல் நாள் இரவு வைத்த இட்லி மாவு காலையில் பொங்கிப் புளித்து மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடியது. ஃப்ரீசருக்குப் பின்னாலிருந்து, விசிறி எதிலோ உரசுவதுபோல ‘டர் டர்’ என்ற சத்தம் வந்தது. முதலில் வந்த பணியாளர் கதவைத் திறந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு, கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லிச் செலவுக் கணக்கையும் கொடுத்தார். ஃப்ரீசர் உறைகிறதே, பிறகு கேஸ் எப்படிக் குறைந்திருக்கும் என்று கேட்டதற்கு அவரிடம் தெளிவான விடை இல்லை. பிறகு தெரிந்தவர் மூலமாக, முருகன்குறிச்சிப் பக்கம் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கருவி எதையும் எடுக்காமல் ஃப்ரீசரின் பின்பக்க பிளாஸ்டிக் தடுப்பை மட்டும் கழற்றிக் காட்டினார். உள்ளே காயில் என்று ஒன்று இருப்பதே தெரியாத அளவுக்கு, மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளைச் சுவராகப் பனி இறுகி, விசிறியின் இறக்கை வரை வந்திருந்தது. “கேஸெல்லாம் அப்படியே இருக்கு சார். ஹீட்டர் சூடாகல, அதான் இப்படி ஐஸ் கட்டிட்டு. கீழ காத்து எப்படிப் போகும்?” என்றார்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் குளிர்ச்சியைச் சுமந்து செல்வது காற்று. ஃப்ரீசரின் பின்சுவருக்குள் மறைந்திருக்கும் காயிலின் மீது விசிறி காற்றை ஓட்டி, அதில் ஒரு பங்கை மட்டும் குறுகிய பாதை வழியாகக் கீழ்ப் பகுதிக்கு அனுப்புகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே நுழையும் ஈரம் அந்தக் காயிலில்தான் பனியாகப் படிகிறது. அதை உருக்குவதற்காக, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசரை நிறுத்திவிட்டுக் காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் வேலையைப் பழைய மாடல்களில் டைமரும், புதியவற்றில் எலக்ட்ரானிக் போர்டும் செய்கின்றன. போதுமான அளவு உருகியதும் பைமெட்டல் என்ற சிறிய பாகம் ஹீட்டரை நிறுத்திவிடும். அதுவும் தவறினால் தெர்மல் ஃபியூஸ் என்ற இன்னொரு பாகம் எரிந்து பாதுகாக்கும். இந்தத் தொடரில் ஏதேனும் ஒன்று அறுந்தாலும் பனி உருகாது. பனி உருகாவிட்டால் காற்றுக்கு வழி இல்லை. எங்கள் பெட்டியில் போயிருந்தது, விரல்நுனி அளவுள்ள அந்தத் தெர்மல் ஃபியூஸ்தான். அதன் வழியாக மின்சாரம் போகவில்லை என்று மல்டிமீட்டரில் காட்டிவிட்டு, அண்ணாச்சி, பைமெட்டலோடு சேர்த்து மாற்றிக் கொடுத்தார். அது இன்றுவரை தொல்லை தரவில்லை.

காயிலின் மீது பனி படியும் விதத்தைக் கண்ணால் பார்த்தே பாதி நோயை அறியலாம் என்பது அன்று அவரிடம் கற்றது. காயில் முழுவதும் சீராகவும் கனமாகவும் பனி மூடியிருந்தால் கேஸ் சரியாக இருக்கிறது, டிஃப்ராஸ்ட் அமைப்பில்தான் கோளாறு. காயிலின் தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம் பனி பிடித்து மற்ற வளைவுகள் வெறுமையாகக் கிடந்தால், அப்போதுதான் கேஸ் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். தடுப்பைக் கழற்றத் தயங்குபவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: ஃபிரிட்ஜை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் ஒரு பகலும் ஓர் இரவும் திறந்து வைத்துவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். சில நாட்கள் நன்றாகக் குளிர்ந்து, பிறகு பழையபடி கீழ்ப் பகுதி மட்டும் சூடானால் அது டிஃப்ராஸ்ட் பழுது. பனி உருகிய பிறகும் குளிர்ச்சி திரும்பவே இல்லையென்றால் கம்ப்ரசர், கேஸ் பக்கம் போகலாம். பாகம் மாற்றும் வேலையை அறிந்தவரிடமே விட்டுவிடுங்கள். ஆனால் வருபவரிடம் இந்த விவரத்தைச் சொல்லுங்கள், பேச்சே மாறிவிடும்.

காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்குவதும் இதற்கு உறவுள்ள பழுதுதான். உருகிய பனிநீர் காயிலுக்குக் கீழுள்ள துளை வழியாக இறங்கி, பின்புறம் கம்ப்ரசருக்கு மேலே உள்ள தட்டில் விழுந்து, அதன் சூட்டிலேயே ஆவியாகிவிட வேண்டும். கறிவேப்பிலைச் சருகோ பூ சுற்றி வந்த நாரோ அந்தத் துளையில் சிக்கினாலும், துளைக்குள்ளேயே ஐஸ் கட்டினாலும், தண்ணீர் உள்பக்கமாக வழிகிறது. பெட்டியை அணைத்துவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் இளஞ்சூடான நீரை எடுத்து மெதுவாகச் செலுத்தினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். பின்புறத் தட்டை நாங்கள் மழைக்காலத்துக்கு முன்பு ஒருமுறை கழுவிவிடுகிறோம். கொசு முட்டையிட அதைவிட வசதியான இடம் வீட்டுக்குள் கிடையாது. அப்போதே எலி கடித்த ஒயர் ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறோம்.

வைக்கும் இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து அறைக்குள் விடும் பொருள் என்பதால், அந்த அறை எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் உழைப்பும் கூடும். கோடையில் வெளியே 38, 39 டிகிரி அடிக்கும் எங்கள் ஊரில், பிற்பகல் வெயில் விழும் மேற்குச் சுவரை ஒட்டி வைத்திருந்தபோது கம்ப்ரசர் ஓய்ந்த நேரமே குறைவு. வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றி, பின்னாலும் பக்கங்களிலும் ஒரு சாண் அளவுக்கு இடைவெளி விட்ட பிறகு வேறுபாடு காதுக்கே தெரிந்தது. இப்போதைய பெட்டிகள் பலவற்றில் வெப்பக் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள்ளேயே புதைந்திருப்பதால், பக்கவாட்டில் கை வைத்தால் சுடுவது பழுது அன்று. ஆனால் அந்தச் சுவரை அரிசி மூட்டையோ துணித் திரையோ மறைத்தால் பழுது தேடி வரும். புதிதாக வாங்குபவர்கள் பெயர்த்தகட்டில் தட்பவெப்ப வகுப்பைக் கட்டாயம் பாருங்கள். ‘என்’ (N) என்றால் 32 டிகிரி வரை, ‘எஸ்டி’ (ST) என்றால் 38 டிகிரி வரை, ‘டி’ (T) என்றால் 43 டிகிரி வரையிலான அறை வெப்பத்துக்கு வடிவமைக்கப்பட்டது என்று பொருள். நெல்லைச் சீமைக்கு ‘டி’தான் பொருத்தம்.

உள்ளே அடுக்குவதிலும் காற்றை மறக்கக் கூடாது. பின்சுவரில் உள்ள காற்றுத் துளைகளை மறைத்து மாவுத் தூக்கையும் சொதிப் பாத்திரத்தையும் நெருக்கி வைத்தால், முன்பக்கத்தில் உள்ள பால் திரிந்துபோகும். குழம்பைச் சூடு ஆறாமல் வைப்பதும், திறந்த பாத்திரத்தில் வைப்பதும் காயிலுக்குப் பனியைக் கூட்டிக் கொடுப்பதாகும். பல இரட்டைக் கதவு மாடல்களில் ஃப்ரீசர் திருகை ‘அதிகம்’ என்ற பக்கம் திருப்பினால் கீழே போகும் காற்று குறைந்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கீழே குளிரவில்லை என்று அதையே மேலும் மேலும் திருப்புகிறார்கள். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை இரவு முழுவதும் வைத்துக் காலையில் பாருங்கள்: 3 முதல் 5 டிகிரி வரை இருந்தால் போதும். ஃப்ரீசருக்கு மைனஸ் 18.

கதவு ரப்பரைச் சோதிக்க, ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்போம். தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடம் தளர்ந்திருக்கிறது. சோப்பு கலந்த இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்து மடிப்புகளைத் துடைத்தாலே பாதி ரப்பர்கள் மீண்டும் ஒட்டுகின்றன.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, கோடை மாலைகளில் தெருவெங்கும் ஏசி ஓடும்போது 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மிகக் குறைவாக வருவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது கம்ப்ரசர் கிளம்ப முயன்று, முடியாமல், அதைச் சூடேறாமல் காக்கும் ஓவர்லோடு பாகம் மின்சாரத்தைத் துண்டித்துவிட, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கும். உடனே அணைத்துவிடுவது நல்லது. மின்சாரம் போய் வந்தவுடன் கிளப்புவதும் தவறு. குழாய்களுக்குள் அழுத்தம் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் வேண்டும். அந்தத் தாமதத்தைத் தானே தரும் ஸ்டெபிலைசர் எங்கள் பெட்டிக்கு வாங்கித் தந்த ஆயுள் பெரிது. வோல்ட் சரியாக இருந்தும் ‘டிக்’ சத்தம் தொடர்ந்தால், கம்ப்ரசரே போய்விட்டது என்று முடிவு கட்டுமுன், அதைக் கிளப்பிவிடும் சிறு பாகமான ரிலேயை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி பெருகி, திருநெல்வேலி சந்திப்புப் பகுதியெல்லாம் நீரில் நின்றபோது, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. மின்சாரம் மட்டும் இல்லை. கதவைத் திறக்காமல் வைத்தால் கீழ்ப் பகுதிப் பொருட்கள் சுமார் 4 மணி நேரமும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும் என்ற கணக்கை அப்போது கடைப்பிடித்தோம். கெடு கடந்த பாலையும் மீனையும் முகர்ந்துகூடப் பார்க்காமல் கொட்டினோம். வெள்ளம் புகுந்த உறவினர் வீட்டில், வடிந்த மறுநாளே பிளக்கைச் செருக இருந்தவர்களைத் தடுக்க வேண்டியிருந்தது. கம்ப்ரசர் மூடிய பானை என்பதால் உள்ளே நீர் போகாது. ஆனால் அதன் ரிலேயும் போர்டும் இணைப்புகளும் சேறு குடித்திருக்கும். அவற்றைச் சுத்தம் செய்து உலர்த்தி, பெட்டியின் வெளியுடலில் மின்கசிவு இல்லை என்று சோதித்த பிறகே ஓட்ட வேண்டும்.

எங்கள் ஃபிரிட்ஜை மாற்றிவிட்டு, தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் புதிய இன்வெர்ட்டர் மாடல் வாங்கலாமே என்று வீட்டில் அவ்வப்போது பேச்சு வரும். ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பதை ஆறால் வகுத்தால், இரண்டு மாத மின்கணக்கில் அது எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்துவிடும். 240 யூனிட் என்றிருந்தால் ஒரு கணக்குக்கு 40 யூனிட். எங்களுடைய பழைய பெட்டிக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு, விலையை விரைவில் ஈடுகட்டும் அளவுக்கு இல்லை. ரப்பரோ ஃபியூஸோ விசிறியோ போனால் மாற்றி ஓட்டுவோம். கம்ப்ரசரே போனாலோ, சுவருக்குள் புதைந்த குழாயில் கசிவு வந்தாலோ அதற்குமேல் செலவிட மாட்டோம் என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த நாளில் தேடப்போவது ‘டி’ வகுப்பும், பாகங்கள் திருநெல்வேலியிலேயே கிடைக்கும் மாடலும்தான். கதவில் தண்ணீர்க் குழாயோ திரையோ இருக்கிறதா என்று கேட்கப் போவதில்லை.