மோமோதாரோவுக்கு முகமூடி: ஒரு பள்ளிப் பயிலரங்கு குறித்த மதிப்பீடு

உடுமலைப்பேட்டை வட்டாரப் பள்ளிகளுக்கு நேரில் வந்து, குழந்தைகளின் கைகளாலேயே முகமூடிகளைச் செய்வித்து, அவற்றை அணிந்து ஒரு ஜப்பானிய நாட்டுப்புறக் கதையை நடிக்கவும் பழக்கும் சிறு கலைக்குழு ஒன்றின் பயிலரங்கை எங்கள் பள்ளியில் ஆடி மாதத்தில் நடத்தினோம். பீச் பழத்திலிருந்து பிறந்த சிறுவன் மோமோதாரோ, நாயையும் குரங்கையும் கிஜி என்னும் நீள்வால் பறவையையும் துணை சேர்த்துக்கொண்டு, ஓனி எனப்படும் கொம்புள்ள அரக்கர்களின் தீவுக்குப் போய் அவர்களை வெல்வதே கதை. அரக்கர்கள் எத்தனை பேராகவும் இருக்கலாம் என்பதால், வகுப்பில் ஒருவரும் வேடமின்றி ஒதுங்கி நிற்க நேரவில்லை.

பயிலரங்கின் சிறப்பு செய்முறையில்தான் இருக்கிறது. ஊதிய பலூனின் மேல் செய்தித்தாள் கீற்றுகளை மைதாப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்தபின் பலூனை உடைத்து எடுக்கிறார்கள். சுவரொட்டிப் பசையில் பூச்சி அண்டாதிருக்கச் சேர்க்கும் மயில்துத்தம் முகத்தில் படும் பொருளுக்கு ஆகாது என்று அதைத் தவிர்த்து, பசையை அன்றன்றே காய்ச்சி, மிஞ்சியதைக் கொட்டிவிட்டார்கள். பயிற்சியாளர்களின் பொறுப்புணர்வுக்கு இதுவே போதிய சான்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பருவமானதால் முகமூடிகள் விரைவில் காய்ந்தன. கனமில்லாத அவை பறந்துவிடாமல் காவல் காக்கத்தான் ஆள் போட வேண்டியிருந்தது.

நடிப்புப் பயிற்சிக்கும் அவர்கள் ‘நோ’ என்னும் ஜப்பானியப் பழைய முகமூடி நாடக மரபிலிருந்து பயனுள்ள இரண்டைக் கொண்டுவந்திருந்தார்கள். அம்மரபின் மர முகமூடி சற்றே மேல்நோக்கினால் மகிழ்ச்சியும், குனிந்தால் துயரமும் தோன்றும். அதன் கண்துளைகள் மிகச் சிறியவை என்பதால் நடிகர் மேடைத் தூணைக் குறியாகக் கொண்டே தம் இடத்தை அறிகிறார். எங்கள் மேடையில் தூணுக்குப் பதில் மூலையில் ஒரு நாற்காலியை வைத்ததும், அதுவரை ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்த அரக்கர்கள் ஒழுங்காக நடந்தார்கள்.

குறைகளும் உண்டு. முழுமுக முகமூடிக்குள் குழந்தைகளின் குரல் அடங்கிவிடுகிறது. வசனம் மிகுந்த வேடங்களுக்காவது வாய்ப்பகுதியைத் திறந்துவிட்ட அரைமுகமூடி தந்திருக்க வேண்டும். எலாஸ்டிக் நாடாவை ஸ்டேப்ளர் பின்னால் அடித்திருந்தது கன்னத்தைக் கீறியதால், நாங்கள் துளையிட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டோம். மோமோதாரோ தன் தோழர்களுக்குக் கொடுக்கும் கிபி உருண்டைக்குப் பஞ்சுருண்டை கொண்டுவந்தது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. கிபி என்பது நம் பனிவரகுதான். அதன் மாவில் எங்கள் சத்துணவுச் சமையலர் வெல்லமிட்டுப் பிடித்துத் தந்த உருண்டைகளால் ஒத்திகையிலேயே குரங்குக்கும் நாய்க்கும் போட்டி மூண்டது.

கட்டணம் நியாயமானதே. ஆனால் செய்முறைக்கே பெரும்பகுதி நேரம் போய்விடுவதால், முகமூடி அணிந்த ஒத்திகைக்கெனத் தனியாக ஒரு நாளை முன்பதிவின்போதே கேட்டுப் பெறுவது நல்லது.