தேனீயை நெருங்கிப் படமெடுக்க ஒலிம்பஸ் 60 மி.மீ. மேக்ரோ: பல பருவங்கள் பயன்படுத்திய பின்

அடுக்குத் தேனீயின் பணித்தேனீ 10, 11 மி.மீ. நீளம். கொடுக்கில்லாத கொசுத்தேனீ 3 முதல் 4 மி.மீ.தான். மரம் துளைக்கும் பெரிய கருந்தேனீ 20 மி.மீ.ஐத் தாண்டும். எந்தத் தேனீயை எடுக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், மெகாபிக்சல் கணக்கு தேவையே படாது. பார்க்க வேண்டியவை இரண்டு: லென்ஸின் முன்விளிம்புக்கும் தேனீக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது, அந்த இடத்தில் நல்ல வெளிச்சத்தைக் கொண்டுவர முடிகிறதா.

இங்கே பேசும் தொகுப்பு இது: ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 2 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), 60 மி.மீ. எஃப் 2.8 மேக்ரோ லென்ஸ் (மேக்ரோ என்றால் சிறியவற்றை நெருங்கிப் பெரிதாக எடுப்பது; எஃப் எண் கூடினால் லென்ஸின் துளை சிறுக்கும்), கோடாக்ஸ் டிடி350 பிளாஷ், கையால் செய்த டிஃப்யூஸர் (பிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் திரை). பாடி 2015-இல் வந்தது, 16 மெகாபிக்சல். துளசியிலும் தும்பையிலும் முருங்கைப் பூவிலும் வந்து உட்காரும் தேனீக்களுக்கு இதுவே போதும். பாடிக்குச் செலவழிக்கும் பணத்தை லென்ஸுக்கும் விளக்குக்கும் மாற்றிவிடலாம் என்பதுதான் இத்தனை நாள் பயன்பாட்டில் உறுதியானது.

லென்ஸின் எடை 185 கிராம். 1:1 உருப்பெருக்கத்தில், அதாவது படத்தைப் பதிக்கும் சென்சாரில் தேனீ அதன் அசல் அளவிலேயே விழும் நிலையில், சென்சாரிலிருந்து 19 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் ஆகும். லென்ஸின் நீளத்தையும் பாடியின் ஆழத்தையும் கழித்தால் முன்னால் மிஞ்சுவது ஏறத்தாழ 9 செ.மீ. இந்தச் சென்சார் 17.3 × 13 மி.மீ. என்பதால் 1:1-ல் அடுக்குத் தேனீ சட்டத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பிவிடும். அதே தேனீ பெரிய முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சாரில் 1:1-ல் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வரும். கேனானின் 100 மி.மீ. எஃப் 2.8 எல் மேக்ரோவில் 13 செ.மீ. இடம் கிடைக்கிறது. அது பெரிய வசதிதான். ஆனால் அந்த லென்ஸ் மட்டுமே 625 கிராம். பிளாஷையும் டிஃப்யூஸரையும் சேர்த்து ஒரு கையால் அரை மணி நேரம் பிடித்தால் கை நடுங்கத் தொடங்கும். இடது கை செடியின் தண்டைப் பிடித்தபடி லென்ஸுக்கு மேசையாக இருக்க வேண்டும் என்பதால் எடை முக்கியம்.

ஒலிம்பஸ் டிஜி-6 என்ற சிறிய காம்பாக்ட் கேமரா பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2019-இல் வந்தது, அதன் அடுத்தது டிஜி-7. மைக்ரோஸ்கோப் முறையில் 1 செ.மீ. வரை நெருங்கலாம் என்பது உண்மை. உயிருள்ள தேனீ 1 செ.மீ. வரை விடாது. விட்டாலும் லென்ஸின் நிழல் அதன் மேல் விழும். ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் மேனுவல் முறையும் அதில் இல்லை. இறந்த தேனீ, காலில் ஒட்டிய மகரந்தம், அடைத் துண்டு ஆகியவற்றை ஆவணப்படுத்தும் மாணவருக்கு அருமையான கருவி. தோட்டத்துக்கு வேண்டாம்.

கொசுத்தேனீக்கு 1:1 போதாது. ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற கிளிப் லென்ஸை முன்னால் மாட்டலாம். அதன் திறன் 8 டயாப்டர் (லென்ஸ் ஒளியை வளைக்கும் அளவு). லென்ஸை முடிவிலியில் (மிகத் தொலைவுக்கான ஃபோகஸில்) வைத்தாலும் 12 செ.மீ. அளவில்தான் ஃபோகஸ் ஆகும். கிளிப் 52 முதல் 67 மி.மீ. விட்டத்துக்கு உரியது, 60 மி.மீ. மேக்ரோவின் வாய் 46 மி.மீ. ஆகவே சிறிய வாயில் பெரியதை மாட்ட உதவும் 46-52 ஸ்டெப்-அப் வளையம் ஒன்று வேண்டும். இதை மறந்து வாங்கிவிட்டுத் திண்டாடுபவர்கள் நிறைய. கொசுத்தேனீயைப் பூவில் துரத்துவதைவிடச் சுவர் இடுக்கிலுள்ள கூட்டின் மெழுகுக் குழாய் வாயில் காத்திருப்பது எளிது. காவல் தேனீக்கள் அங்கேயே நிற்கும்.

இனி, படம் கெடும் இடம். தேனீயின் உடல் பளபளப்பானது. வெறும் பிளாஷ் அடித்தால் தலையில் வெள்ளைப் புள்ளி, வயிற்றில் வெள்ளைக் கோடு. கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பான ரா ஃபைலிலும் அதை மீட்க முடியாது. தேனீயின் பார்வையில் விளக்கு பெரிதாக, அருகில் இருக்க வேண்டும். பொருட்களைச் சுற்றி வரும் வெள்ளை ஃபோம் ஷீட்டை அரை ஏ4 அளவில் வெட்டி, லென்ஸின் முன்விளிம்புக்கு மேல் கூரை போல வளைத்துக் கட்டுங்கள். அதற்கும் பிளாஷுக்கும் இடையே 3, 4 செ.மீ. விட்டு இன்னொரு அடுக்கு பட்டர் பேப்பர். இடைவெளி விடாமல் இரண்டையும் ஒட்டினால் நடுவில் மட்டும் வெளிச்சம் குவிந்து பழைய வெள்ளைப் புள்ளி திரும்பிவரும். ஃபோம் வெயிலில் நாளடைவில் மஞ்சளாகும். மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் தும்பைப் பூவும் மஞ்சளாகத் தெரியும்.

அமைப்புகள்: மேனுவல் முறை, ஷட்டர் 1/200, எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, பிளாஷ் முழுச் சக்தியில் 1/16. இறக்கையின் அசைவை நிறுத்துவது ஷட்டர் அல்ல, பிளாஷ். 1/16 சக்தியில் அது எரிவது நொடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் உச்சி வெயிலில் இந்தக் கணக்கு உடைகிறது. ஐஎஸ்ஓ 200, 1/200, எஃப் 16 என்பது நேரடி வெயிலுக்கான சரியான வெளிச்ச அளவு. 1:1-ல் எஃப் 8 ஏறத்தாழ எஃப் 16 போலவே வேலை செய்யும். ஆக, பிளாஷ் இல்லாமலேயே வெயில் ஒரு முழுப் படத்தைப் பதித்துவிடுகிறது. கூர்மையான தேனீயின் மேல் கலங்கிய இன்னொரு தேனீ ஒட்டியது போல வருவது இதனால்தான். இன்னும் வேகமான ஷட்டரோடு பிளாஷை எரிக்கும் ஹை-ஸ்பீட் சிங்க் முறை இதற்குத் தீர்வல்ல. அதில் பிளாஷ் தொடர் துடிப்புகளாக எரிவதால் சக்தியும் போகும், இறக்கையும் நிற்காது. ஒரு குடையை நிழலாகப் பிடிப்பது எளிய வழி.

எஃப் 8-இல் 1:1-ல் கூர்மை விழும் ஆழம் அரை மி.மீ. அளவுதான். பாதி உருப்பெருக்கத்தில் ஒன்றரை மி.மீ. கிட்ட வரும். எஃப் 16-க்குப் போனால் ஆழம் கூடும். ஆனால் சிறுத்த துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்‌ஷன்) மயிரெல்லாம் மழுங்கிவிடும். அதனால் பாதி உருப்பெருக்கத்தில் எடுத்து வெட்டிக்கொள்வதே நல்லது. ஆட்டோ ஃபோகஸை விட்டுவிடுங்கள், அது பூவைத் தேடிப்போகும். மேனுவலில் உருப்பெருக்கத்தை நிலைநிறுத்தி, உடம்பை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து, கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துங்கள். அடுக்குத் தேனீயின் கண்ணின் மேல் நுண்ணிய மயிர் உண்டு. திரையில் பெரிதாக்கும்போது அது தனித்தனியாகத் தெரிந்தால் படம் தேறியது. பத்தில் ஒன்று தேறினாலே நல்ல நாள்.

துளசிக் கதிரில் தேனீ பெரும்பாலும் அடியில் தொடங்கி மேலே ஏறும். அதைப் பின்தொடராமல் மேலே உள்ள பூவில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் பொழுது சாய்ந்ததும் மெல்லிய தண்டைத் தாடையால் கவ்வித் தூங்கும். மறுநாள் வெயில் சுடும்வரை அசையாது. ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தித் தொடர் படங்கள் எடுக்கும், இந்தப் பாடியில் உள்ள ஃபோகஸ் பிராக்கெட்டிங் பயன்படுவது அப்போதுதான். விடிகாலையில் காற்று எழுமுன் முக்காலியில் வைத்து, பிளாஷ் இல்லாமல் 20 படங்கள் எடுத்துப் பின்னர் கணினியில் அடுக்கிக்கொள்ளலாம். பாடிக்கு மழைப் பாதுகாப்பு இல்லை, லென்ஸுக்கு உண்டு. பனி சொட்டும் செடிக்குள் நுழையும்போது இது நினைவில் இருக்கட்டும்.

தேன்பெட்டி அருகே எடுப்பதென்றால் வாயிலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். கறுப்பு உடை வேண்டாம். கூட்டின் மேல் மூச்சு விடாதீர்கள், அது காவல் தேனீக்களைச் சீண்டும். மலைத்தேனீயின் கூட்டுக்கு மேக்ரோ லென்ஸோடு போகவே கூடாது.

லென்ஸைக் கெடுப்பது தேனீயோ மகரந்தமோ அல்ல, பூஞ்சை. காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். ஏசி அறையிலிருந்து நேரே தோட்டத்துக்கு வந்தால் கண்ணாடி வியர்க்கும். பையை மூடியபடியே அரை மணி வெளியே வைத்த பிறகு திறங்கள். பழைய லென்ஸ் வாங்குவதானால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து நூலாம்படை போன்ற கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபோகஸ் எல்லைச் சுவிட்சை 1:1 நிலைக்குத் தள்ளி லென்ஸ் அங்கே தானாகப் போகிறதா என்றும் சோதியுங்கள். போகாவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.