16550 சீரியலா, விர்ட்டியோ கன்சோலா? ரிவ்யூ செய்பவர் பக்கமிருந்து

எங்கள் குழு எழுதிவரும் சின்ன ஹைப்பர்வைசருக்கு (ஒரு கணினிக்குள் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஒரு கன்சோல், அதாவது உள்ளே ஓடும் கணினி எழுத்துகளைக் காட்டவும் வாங்கவும் ஒரு வழி, தேவைப்பட்டது. உள்ளே ஓடுவது கெஸ்ட், அதை ஓட்டும் கணினி ஹோஸ்ட். ரிவ்யூவுக்கு இரண்டு பேட்ச் (நிரல் மாற்றங்கள்) வந்தன. ஒன்று பழைய 16550ஏ சீரியல் சிப்பைப் போல நடிப்பது, மற்றொன்று விர்ட்டியோ கன்சோல், அதாவது மெய்நிகர் கணினிகளுக்கென்றே வகுத்த, கெஸ்ட்டின் நினைவகத்தில் உள்ள வரிசைகள் வழியாகப் பேசும் சாதனம். முதல் வெளியீட்டில் ஒன்றுதான் போகும் என்பது ஏற்பாடு. இரண்டையும் வரிவரியாகப் படித்துவிட்டு சீரியலுக்கு ஒப்புதல் கொடுத்தேன். ஏன் என்று நண்பர்கள் கேட்டதால் இந்த அலசல்.

வேகத்தில் விர்ட்டியோதான், அதில் பேச்சே இல்லை. சீரியலில் ஒவ்வொரு எழுத்தும் தனியாகப் போர்ட்டுக்கு (சாதனத்தின் முகவரிக்கு) போகிறது. லினக்ஸ் கர்னல் தன் லாக்கை எழுதும் பிரிண்ட்கே, எழுத்தெழுத்தாக அனுப்பும்போது, எழுதும் முன் லைன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரையும் (அனுப்ப இடம் இருக்கிறதா என்று காட்டுவது) படிக்கிறது. அதாவது எழுத்துக்குக் குறைந்தது 2 முறை கெஸ்ட்டிலிருந்து ஹோஸ்ட்டுக்குத் தாவல். 80 எழுத்து வரிக்கு 160. விர்ட்டியோவில் முழு வரிக்கும் ஒரே அறிவிப்பு போதும்.

பூட்டின் தொடக்கத்தைப் பார்க்க சீரியல்தான். டிரைவர் ஏறி வரிசைகளை அமைக்கும் முன்பே கர்னல் விழுந்துவிட்டால் விர்ட்டியோவின் இயல்பான வழியில் ஒரு எழுத்தும் வராது. அவசர எழுத்து என்று ஒரு வசதி அதிலும் உண்டு, ஆனால் இரு பக்கமும் அதை ஆதரிக்க வேண்டும்.

இவை இரண்டும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது ஒரே கேள்வி: இந்தச் சாதனம் கெஸ்ட்டின் நினைவகத்தைத் தொடுகிறதா?

சீரியல் தொடுவதே இல்லை. 8 போர்ட் முகவரிகள். ஒவ்வொரு அணுகலிலும் ஒரு பைட். அந்த பைட் ஹோஸ்ட்டின் கைக்கு வந்த பிறகு கெஸ்ட்டால் அதை மாற்ற முடியாது. ஆகவே எழுதப்பட்ட முகவரி, மதிப்பு, டிஎல்ஏபி பிட்டின் நிலை (ஒரே முகவரி எந்த ரெஜிஸ்டரைக் குறிக்கிறது என்பதை மாற்றும் பிட்), இன்டரப்ட் (சாதனம் கெஸ்ட்டின் கவனத்தை அழைக்கும் சைகை) நிலை, ஃபிஃபோ (எழுத்துகள் காத்திருக்கும் வரிசை) இவற்றைப் பார்த்தால் முழுச் சாதனத்தையும் தலைக்குள் வைத்துக்கொண்டு படிக்கலாம். இரண்டு மாலைகளில் முடித்தேன்.

விர்ட்டியோவில் கெஸ்ட் தருவது, தரவு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு டிஸ்கிரிப்டர்: 64 பிட் முகவரி, 32 பிட் நீளம், கொடிகள், அடுத்தது எது என்ற எண். எல்லாமே கெஸ்ட்டின் நினைவகத்தில்தான் இருக்கின்றன. முகவரியும் நீளமும் கூடும்போது வரம்பு மீறுகிறதா? டிஸ்கிரிப்டர்களின் சங்கிலி தன்னையே சுற்றுகிறதா? வெளியேறும் வரிசையில் சாதனம் எழுதக்கூடிய பஃபரைச் சொருகியிருக்கிறதா? கெஸ்ட் சொன்ன நீளத்துக்கு அப்படியே ஹோஸ்ட்டில் இடம் ஒதுக்குகிறோமா? அந்த நீளம் 4 ஜிபி வரை போகலாம். இவற்றைவிடக் கொடுமையானது, சரிபார்த்தபின் கெஸ்ட்டின் இன்னொரு விசிபியு (மெய்நிகர் செயலி) அந்த எண்ணை மாற்றிவிடுவது. நான் பார்த்த பேட்ச் நீளத்தை வரம்புச் சோதனைக்கு ஒரு தடவை, நகலெடுக்க ஒரு தடவை எனக் கெஸ்ட் நினைவகத்திலிருந்து இருமுறை படித்தது. அந்த இரண்டுக்கும் நடுவே எட்டு வரிகள்தான். படிக்கும் கண்ணுக்கு அது பிழையாகவே தெரியவில்லை. மூன்றாம் முறை படித்தபோதுதான் பிடிபட்டது. சரிசெய்வது எளிது, உள்ளூர் நகல் எடுத்து அதையே பயன்படுத்த வேண்டும். ஆனால் இனி வரும் ஒவ்வொரு பேட்ச்சிலும் இதை யாராவது தேடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் குழுவில் அதற்கு ஆள் நான் ஒருவன்தான்.

பழையது என்பதால் சீரியல் தானாகவே பத்திரம் ஆகிவிடாது. 2015-இல் வெளிவந்த வெனம் என்ற பாதுகாப்பு ஓட்டை, கியூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினி மென்பொருளின் ஃபிளாப்பி கன்ட்ரோலரில்தான் இருந்தது. பஃபரில் இடத்தைக் காட்டும் எண் வரம்பைத் தாண்டிப் போனது. சீரியலிலும் ஃபிஃபோவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிஜச் சிப்பில் அது 16 பைட். மென்பொருளில் வளரும் வரிசையாக எழுதிவிட்டு வரம்பு போட மறப்பது சுலபம். ஹைப்பர்வைசர் எழுதுவோருக்கான ரஸ்ட்-விஎம்எம் திட்டத்தின் விஎம்-சூப்பர்ஐஓ நூலகத்தில் நடந்தது அதுதான் (பாதுகாப்பு ஓட்டைப் பட்டியலில் சிவிஇ-2020-27173): ஹோஸ்ட் பக்க உள்ளீடு வரவர ஃபிஃபோ எல்லையின்றி வளர்ந்தது, 0.1.1 பதிப்பில் சரிசெய்தார்கள். லூப்பேக் பாதையையும் விட்டுவிடாதீர்கள். மோடம் கன்ட்ரோல் ரெஜிஸ்டரின் 4-ஆம் பிட்டை ஏற்றினால் கெஸ்ட் எழுதுவது அதன் உள்ளீட்டுக்கே திரும்பி வரும். அந்த வழிக்கும் அதே வரம்பு வேண்டும்.

சீரியலில் என்னைத் திணறடித்தது இன்டரப்ட். பூட் லாக் முழுக்க வந்தது, லாகின் வரி வரவில்லை. ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் தேங்கியது மொத்தமும் கொட்டும், பிறகு மறுபடி நிற்கும். பிரிண்ட்கே இன்டரப்ட்டை நம்பாது, அதனால் லாக் தப்பியது. பயனர் நிரல்களின் எழுத்து, அனுப்பும் இன்டரப்ட்டை இயக்கிவிட்டு அது வரும் என்று காத்திருக்கும். அனுப்பும் ரெஜிஸ்டர் ஏற்கெனவே காலியாக இருக்கும்போது அதை இயக்கினால் உடனே இன்டரப்ட் எழ வேண்டும். எங்கள் நிரல் ஐஐஆர் ரெஜிஸ்டரில் (எந்த இன்டரப்ட் காத்திருக்கிறது என்று சொல்வது) அதைச் சரியாகக் காட்டியது, ஆனால் இன்டரப்ட் லைனை உயர்த்தவில்லை. ஐஐஆர் சரியாக இருந்ததால் லினக்ஸ் டிரைவர் தொடக்கத்தில் செய்யும் சோதனையும் ஏமாந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போனது. இருந்தாலும் அது கெஸ்ட்டைத் தேக்கிய பிழைதான், ஹோஸ்ட்டைத் திறந்துவிட்ட பிழை இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் பெரிது.

உங்கள் ஹைப்பர்வைசரில் விர்ட்டியோ டிஸ்கோ நெட்வொர்க்கோ ஏற்கெனவே ஓடினால் கணக்கு மாறும். வரிசைகளைக் கையாளும் நிரல் பொதுவானது. அதை ஒருமுறை நன்றாகச் சலித்திருந்தால் கன்சோலுக்கு மிஞ்சுவது சொற்பம். எங்களிடம் அப்போது அது இல்லை. விர்ட்டியோ கன்சோலின் பல போர்ட் வசதியைப் (ஒரே சாதனத்தில் பல கன்சோல்கள்) பற்றி நான் சோதனைக்கு மேல் எதுவும் செய்ததில்லை, அங்கே என் சொல்லுக்கு எடை குறைவு. ஆர்ம் செயலிகள் பக்கம் பிஎல்011 என்ற வேறு சீரியல் சிப் வரும். அதன் நிரலை மேலோட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

விர்ட்டியோ பேட்ச்சை மூடிவிடவில்லை. டிஸ்க் பேட்ச் சேர்ந்ததும் அதே வரிசை நிரலின்மேல் மறுபடி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். அதுவரை சீரியல், அதோடு ஒரு சோதனை: அனுப்பும் இன்டரப்ட்டை அணைத்து, மறுபடி இயக்கி, இன்டரப்ட் லைன் உயர்கிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு பில்டிலும் அது ஓடுகிறது.