பன்னிரண்டு வருசம், பதினெட்டுப் புத்தகம்: கிளிநொச்சியில் இருந்து ட்ரெஸ்டனை வாசித்தது

முதலே சொல்லிவிடுகிறேன். 'த ட்ரெஸ்டன் ஃபைல்ஸ்' என்ற ஆங்கில மந்திரவாதி நாவல் வரிசையின் பெரிய திருப்பங்கள் சில இந்தப் பதிவில் வரும். அவற்றைத் தொடாமல் ரசிகர்கள் எதற்காக அடிபடுகிறார்கள் என்று சொல்ல முடியாது. புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம், எங்கே நிறுத்துவது என்று அங்கே சொல்கிறேன்.

2013 மார்கழி. யாழ்தேவி கிளிநொச்சி வரைக்கும் ஓடத் தொடங்கி மூன்று மாதம். ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சாள் அந்த ரயிலில்தான் வந்து இறங்கினாள். திரும்பிப் போகும்போது பெட்டியில் இடமில்லை என்று ஒரு தடித்த புத்தகத்தை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். 'டெட் பீட்', வரிசையில் ஏழாவது, 2005இல் வந்தது. முன்கதை ஒன்றும் தெரியாமலே வாசிக்கத் தொடங்கினேன். சிக்காகோ நகரில் டெலிபோன் புத்தகத்தில் 'மந்திரவாதி' என்று பேர் போட்டுத் தொழில் செய்கிற ஒரு துப்பறிவாளர், ஹாரி ட்ரெஸ்டன். அந்தப் புத்தகத்தில் அவர் அருங்காட்சியகத்தில் நிற்கிற டைனோசர் எலும்புக்கூட்டை எழுப்பி அதன் முதுகில் ஏறி நகரத்துக்குள் வருகிறார். செத்ததை எழுப்புகிறவனுக்கு இதயத்துடிப்புக்குப் பதிலாக ஒரு தாளம் விடாமல் அடிபட வேண்டும். தாளம் நின்றால் எழும்பினது சொல்லுக்கு நில்லாது. சவச்சாலையில் வேலை செய்கிற ஒரு பயந்த மனிதர் முதுகில் மேளத்தைக் கட்டிக்கொண்டு காலால் அடித்தபடி டைனோசருக்கு மேல் இருக்கிறார்.

உடுக்குச் சத்தத்தில் ஆட்கள் உரு ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தாளம் ஏன் வேண்டும் என்று எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. அன்று பிடித்தது, இன்றைக்கும் விடவில்லை.

எழுதுகிறவர் ஜிம் புட்சர். முதல் புத்தகம் 'ஸ்டோர்ம் ஃப்ரண்ட்' 2000ஆம் ஆண்டு வந்தது. பதினெட்டாவது, 'ட்வெல்வ் மந்த்ஸ்', 2026 தை மாதம். இருபது சொச்சம் புத்தகமும் கடைசியில் மூன்று பெரும் புத்தகமுமாக முடிப்பதுதான் அவர் பலமுறை சொன்ன கணக்கு. நடுவில் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் உண்டு.

சரி, வன்னியில் இருக்கிற ஒருத்திக்கு சிக்காகோ மந்திரவாதியிடம் என்ன கிடைத்தது? இந்தக் கதையில் மந்திரவாதிக்குப் பக்கத்தில் கரண்ட் சாமான் நிற்காது. கம்ப்யூட்டர் எரிந்துபோகும், பல்ப் வெடிக்கும். அதனால் ட்ரெஸ்டன் நிலக்கீழ் அறை ஒன்றில் மெழுகுதிரி கொளுத்தி, விறகடுப்பு மூட்டி, மாரியிலும் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டு இருக்கிறார். அவருடைய பழைய ஃபோக்ஸ்வாகன் காருக்குக் கதவு ஒரு நிறம், பொனட் இன்னொரு நிறம். வெளிநாட்டு ரசிகர்கள் இதைச் சிரிப்புக்கான இடம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு அது எங்கள் பெரியப்பாவின் ஏ40 கார். பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவார். பின்னால் வெள்ளைப் புகை, உள்ளே இருந்தவர்களின் உடுப்பெல்லாம் குப்பி விளக்கு மணம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, ரேடியோவில் செய்தி கேட்டுப் படுத்த வீடு அது. இல்லாததற்குள் ஒரு வழி கண்டுபிடித்து அதையே ஒழுங்காக்கிக்கொள்கிற மனிதரை எனக்குத் தெரியும். 2022 பங்குனியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினபோது லாம்பு வெளிச்சத்தில் அந்த முதல் புத்தகத்தைத் திரும்ப வாசித்தேன். அவருடைய அறைக்குள்ளேயே இருந்து வாசித்ததுபோல இருந்தது.

இதைவிடப் பெரியது வாசற்படி. ரசிகர்கள் ஒத்துக்கொள்கிற விசயம் இது: இந்த வரிசையின் மந்திரத்துக்குச் சட்டதிட்டம் உண்டு, அது புத்தகத்துக்குப் புத்தகம் மாறாது. அந்தச் சட்டங்களில் ஒன்று, வீடு என்பது சுவரில்லை. ஒரு குடும்பம் பிறந்து, சமைத்து, சண்டை பிடித்து, சேர்ந்து வாழ்ந்த காலம் முழுக்க வாசலில் ஒரு காவலாகப் படிந்துவிடும். அழைக்காமல் கெட்டது உள்ளே வந்தால் தன் பலத்தின் பெரும்பகுதியை வெளியிலேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். தனி ஆள் இருக்கிற வாடகை அறைக்கு அந்தக் காவல் மிகவும் மெல்லிசு. விடுதி அறைக்குக் கிட்டத்தட்ட இல்லையென்றே சொல்லலாம். ட்ரெஸ்டனின் நண்பர் மைக்கேல் பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்காரர். அவருடைய வாசல்தான் எல்லாவற்றிலும் பலமானது.

செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் நாங்கள் தறப்பாள் கூடாரத்தில் இருந்தபோது, அம்மா எங்கேயோ கிடந்த ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து கூடார வாசலில் பதித்தா. அரைக் கல், ஒரு மூலை உடைந்தது. "இதுதான் படி. மிதியாதே, தாண்டி வா" என்று எங்களுக்குச் சொன்னா. தண்ணீருக்கு வரிசையில் நின்று வந்த களையிலும் காலையில் அந்தக் கல்லுக்கு முன்னால் கூட்டிவிட்டுத்தான் இருப்பா. அப்போது அது எனக்கு எரிச்சலாக இருந்தது. வாசற்படியைப் பற்றி ட்ரெஸ்டன் சொல்கிற பக்கத்தை வாசித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் குசினிக்குப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

நம்பிக்கையைப் பற்றியும் அப்படித்தான். இந்தக் கதையில் சிலுவை தானாக வேலை செய்யாது, பிடித்திருக்கிறவரின் நம்பிக்கைதான் வேலை செய்யும். நான் ஒட்டுசுட்டான் பக்கம் படிப்பிக்கிறேன். கிளிநொச்சியில் இருந்து மாங்குளம், அங்கிருந்து முல்லைத்தீவு வீதி. போகிற வழியில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் பஸ் நிற்கும், டிரைவர் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வருவார், யன்னலால் கச்சான் சரை வரும். கச்சானை உடைத்துக்கொண்டு காதில் கதையைக் கேட்கிறவளுக்கு அந்தச் சட்டம் புதிதாகத் தெரியவில்லை.

எங்கள் வாசகர் கூட்டம் நான்கு பேர். மச்சாள், நான், வவுனியாவில் வேலை செய்கிற தம்பி, என் பாடசாலையில் படிப்பிக்கிற அக்கா ஒருவர். உலகத்தில் ட்ரெஸ்டன் ரசிகர்கள் பிடிக்கிற சண்டை எல்லாம் இந்த நான்கு பேருக்குள்ளும் நடந்திருக்கிறது.

எங்கே தொடங்குவது என்பது முதல் சண்டை. முதல் இரண்டு புத்தகங்களும் சுமார் என்பதில் எல்லாரும் ஒரு கட்சி. அப்படியென்றால் மூன்றாவதில் தொடங்கலாமா, நான்காவதிலா, நான் செய்ததுபோல ஏழிலா? என் அனுபவத்தில் நான்காவதான 'சம்மர் நைட்' நல்ல வாசல். அதன் பிறகு முதல் மூன்றுக்கும் திரும்பி வந்தால் அவற்றின் குறை பெரிதாக உறுத்தாது. தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான், ஒன்றில் இருந்துதான் என்பான்.

பெண்களைப் பற்றிய குறை நியாயமான குறை. ட்ரெஸ்டனின் கண்ணால் கதை போவதால், ஒரு பெண் அறைக்குள் வந்தால் முதலில் அவளுடைய உடம்பு வரும், பிறகுதான் அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது வரும். 'அந்தப் பாத்திரத்தின் பலவீனம் அது, ஆசிரியரின் பார்வை இல்லை' என்று வாதாடுகிற ரசிகர்கள் நிறையப் பேர். சில புத்தகம் வரைக்கும் நானும் அப்படி நினைத்தேன். ஆனால் பதின்மூன்று பதினான்கு புத்தகம் தாண்டியும் அது நிற்கவில்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுக்க எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம். அதே ஆசிரியர்தான் மர்ஃபியையும் எழுதினார் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். ஐந்தடிக் குள்ளம், பொலிஸில் யாரும் நம்பாத வழக்குகளுக்குப் பொறுப்பு, பயந்தாலும் முதலில் போகிறவள்.

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வசனம் சின்னச் சின்னது, ஓ.எல். ஆங்கிலம் நன்றாகச் செய்தவர் வாசிக்கலாம். கஷ்டம் எல்லாம் அமெரிக்கப் படங்களையும் பழைய டிவி நாடகங்களையும் வைத்து வருகிற பகிடிகளில்தான். விளங்காவிட்டால் தாண்டிப் போங்கள், கதைக்கு ஒன்றும் ஆகாது. புத்தகம் வாங்குவதுதான் பாடு. டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்கு ஏறிய பிறகு கொழும்பில் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். இப்போது போனில்தான் வாசிக்கிறேன்.

ஒலிப்புத்தகம் தனி அனுபவம். ஜேம்ஸ் மார்ஸ்டெர்ஸ் என்ற நடிகர் வாசிக்கிறார். முதல் புத்தகங்களில் மூச்சு வாங்குகிற சத்தம்கூடக் கேட்கும். போகப்போக அந்தக் களைத்த குரல்தான் ட்ரெஸ்டன் என்று ஆகிவிடும். 'கோஸ்ட் ஸ்டோரி' 2011இல் வந்தபோது ஜோன் க்ளோவர் என்ற வேறொருவர் வாசித்தார். அவர் நல்ல வாசிப்பாளர்தான், ஆனாலும் ரசிகர்கள் ஏற்கவில்லை. பிறகு மார்ஸ்டெர்ஸே அதைத் திரும்ப வாசித்துப் பதிவு செய்தார். நான் இரண்டையும் கேட்டேன். ரசிகர்கள் அடம்பிடித்தது சரிதான். 2007இல் வந்த டிவி தொடர் பன்னிரண்டு பகுதியோடு நின்றுபோனது, அதில் காரைக்கூட ஜீப்பாக மாற்றிவிட்டார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த இடத்தில் நிறுத்துங்கள்.

பன்னிரண்டாவது, 'சேஞ்சஸ்', 2010. ரசிகர்கள் பலருக்கு இதுதான் உச்சம். ஒரே புத்தகத்தில் ட்ரெஸ்டனின் அலுவலகம் தகர்கிறது, அந்தக் கார் நசிகிறது, வீடு எரிகிறது. தம்பி ஒரே இரவில் முடித்துவிட்டு "அந்தமாதிரி" என்று மெசேஜ் போட்டான். பாடசாலை அக்கா வீடு எரிகிற இடத்தில் மூடி வைத்தவர், இரண்டு மாதம் தொடவில்லை. எனக்கும் அந்த வேகம் பிடித்தது, ஆனால் தங்கியது வேறொன்று. அடுத்தடுத்த புத்தகங்களில் வீடு திரும்பி வரவில்லை. நண்பர் வீடு, படகு, ஏரிக்கு நடுவில் ஒரு தீவு என்று அவர் அலைகிறார். இன்னொரு வீடு கிடைத்ததாக ஒரு வரியில் எழுதி முடித்திருக்கலாம், புட்சர் அப்படிச் செய்யவில்லை. இழந்ததை இழந்ததாகவே வருசக்கணக்கில் வைத்திருந்தார். நான் இந்த வரிசையை விடாததற்கு முதல் காரணம் அதுதான்.

2014இல் 'ஸ்கின் கேம்' வந்தது. பிறகு ஆறு வருசம் புது நாவல் ஒன்றுமில்லை. 2020இல் ஆடியில் ஒன்று, புரட்டாதியில் ஒன்று என்று இரண்டு வந்தன. ஒரே புத்தகமாக எழுதத் தொடங்கியதை இரண்டாக வெட்டினது. ஆடிப் புத்தகம் அரைகுறை என்று ரசிகர்கள் சொன்னது உண்மை, கதவைத் திறந்துவிட்டு உள்ளே கூப்பிடாததுபோல ஒரு முடிவு. புரட்டாதிப் புத்தகமான 'பேட்டில் கிரவுண்ட்' முழுக்கப் போர். அதில் மர்ஃபி சாகிறாள்.

சண்டையில் சாகவில்லை என்பதுதான் பிரச்சினை. மலைபோல ஒரு அரக்கனை வீழ்த்திவிட்டு நிற்கிறவளை, பதற்றத்தில் துப்பாக்கி விசையில் விரலை வைத்திருந்த இன்னொரு பொலிஸ்காரன் தவறுதலாகச் சுட்டுவிடுகிறான். அவ்வளவுதான். ரசிகர்கள் கொதித்தார்கள். பதினாறு புத்தகம் கூடவே நின்றவளுக்கு இப்படி அர்த்தமில்லாத சாவா என்று கேட்டார்கள். நான் அந்தச் சாவின் பக்கம் நின்றேன். என்னோடு படித்த ஒருத்தி எல்லா ஷெல்லுக்கும் தப்பி வந்து, மீள்குடியேறின வருசம் கிணற்றடியில் பாம்பு கடித்துப் போனாள். சாவு அப்படித்தான் வரும், புட்சர் உள்ளதை எழுதியிருக்கிறார் என்று கூட்டத்தில் சொன்னேன்.

பாடசாலை அக்கா உடனே பதில் போட்டா. "இஞ்ச அப்படித்தான் செத்தவை. கதையிலயாவது அவளை ஒழுங்காச் சாக விட்டிருக்கலாமே?"

அதற்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. என் பக்கத்தை நான் மாற்றவில்லை. ஆனால் மர்ஃபியைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்போது முதலில் அக்கா சொன்னதைத்தான் சொல்கிறேன்.

பதினெட்டாவது அந்தச் சாவுக்குப் பின்வந்த பன்னிரண்டு மாதம். துக்கத்தில் ஒரு மனிதர் எழும்பிச் சாப்பிட்டு, படுத்து, மறுபடி எழும்புகிற கதை. வழக்கு எங்கே, வேகம் எங்கே என்று தம்பிக்குக் குறை. எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்த மூன்றில் இது ஒன்று. ஒரு வருசத் துக்கத்துக்கு ஒரு முழுப் புத்தகம் கொடுத்தது சரியான அளவு என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் கதை முழுக்கத் தெரியும், இரவில் தேங்காய் துருவும்போது நான் சொல்லச் சொல்லக் கேட்டவ. வீடு எரிந்த கதையைச் சொன்ன நாளில் இருந்து வருசக்கணக்காக ஒரே கேள்விதான். "அந்தப் பொடியனுக்கு வீடு கிடைச்சதோ?" 'பேட்டில் கிரவுண்ட்' முடிவில்தான் சொல்ல முடிந்தது. கிடைத்தது, இப்போது ஒரு கோட்டையே கையில். எரிந்த வீடு இருந்த இடத்தில் வேறொருவர் கட்டியது, அதைத்தான் கேட்டு வாங்கியிருக்கிறார் என்றேன்.

அம்மா துருவலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தா.

"அதே காணியிலயோ?"

"ஓம் அம்மா. அதே காணி."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மற்றப் பாதித் தேங்காயை எடுத்தா.