மெகாதீரியம் கை எலும்பு மாதிரி: வாங்கலாமா?

கிண்டி தொழிற்பேட்டையில் உள்ள ஒரு முப்பரிமாண அச்சகத்தில் விலங்கியல் வகுப்புக்காகச் செய்து வாங்கிய மெகாதீரியம் (அழிந்துபோன ராட்சதத் தரை ஸ்லாத்) கை எலும்பு மாதிரியில், நகங்களைக் குறை சொல்ல முடியாது: நடுவிலுள்ள மூன்று விரல்களில் மட்டும் வளைநகங்கள் இருக்க, சுண்டுவிரல் நகமின்றி முடிகிறது. மணிக்கட்டில்தான் சறுக்கல், குறுகிப்போன கட்டைவிரல் எலும்பு மணிக்கட்டு எலும்போடு இணைந்து நிற்கும் இடத்தில், ரெசின் (அச்சிடப் பயன்படும் பிசின்) வழிந்து மூட்டு முகங்களையே மூடிவிட்டது. உடன் தந்த விளக்க அட்டையோ (அதற்குத் தனிக் கட்டணம் வேறு!), மரத்தில் தொங்கி வாழும் இன்றைய இருவிரல் ஸ்லாத்தை, மெகலோனிக்ஸ் என்ற அழிந்த தரை ஸ்லாத்தின் நெருங்கிய உறவாகக் காட்டும் பழைய பரிணாமக் கிளைப்படத்தையே தாங்கியிருக்கிறது, 2019-இல் வெளியான மரபணு, புரத ஆய்வுகள் இருவிரல் ஸ்லாத்தை மைலோடான் என்ற வேறொரு அழிந்த தரை ஸ்லாத்தின் பக்கம் மாற்றிவிட்டன. நகங்களைக் காட்டிப் பாடம் நடத்துவோர் தாராளமாக வாங்கலாம். மூட்டுகளை ஒப்பிட நினைப்போர், முன்பணம் தருமுன் மணிக்கட்டை மட்டும் அச்சிட்டுக் காட்டச் சொல்வது நல்லது.