புது எல்எஸ்50 மெட்டாவா, பழைய 805எஸ்ஸா?

கையில் ஒரு தொகை இருக்கிறது. அதைக் கொடுத்தால் கெஃப் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கர் ஜோடி பிரிக்காத பெட்டியாக, வாரண்டியோடு வீடு வந்து சேரும். சற்று முன்பின்னாக அதே காசுக்கு, புதிதாக இருந்தபோது இதைவிட மேல் வரிசையில் விற்ற போவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 805எஸ் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். ஆடியோ பிரியர்களிடம் கேட்டால் பெரும்பாலானோர் பழசைத்தான் கைகாட்டுவார்கள். பெரிய வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான கூம்பு), பெரிய பெயர், புதிதாக விற்றதில் பாதிக் காசு. நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் அறையின் நீள அகலம் என்ன?

நம்மூர் படுக்கையறை பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. பூசிய செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர், தான் அதிர்ந்தே பேஸில், அதாவது தாழ்ந்த ஒலியில், கொஞ்சத்தை விழுங்கிவிடும். நம் சுவர் வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். பன்னிரண்டு அடிக்கு 47 ஹெர்ட்ஸ் வாக்கிலும், பத்து அடிக்கு 57 ஹெர்ட்ஸ் வாக்கிலும் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே தங்கி வீங்கிக்கொள்ளும். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஜி 49 ஹெர்ட்ஸ், அடுத்த ஏ 55. இந்த இரண்டும் ‘தும்’மென்று துருத்திக்கொண்டு கேட்கும், பக்கத்து ஸ்வரங்கள் மெலிந்து போகும். 805எஸ் கிட்டத்தட்ட 49 ஹெர்ட்ஸ் வரை தளராமல் இறங்குவதால், சின்ன அறையில் அந்த வீக்கத்துக்கு அதுவே தீனி போடுகிறது. மெட்டாவோ 79 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லத் தேயத் தொடங்கும். அது தேயும் இடத்தை அறை ஏற்றிவிடுகிறது. தாளில் பார்த்தால் குறையாகத் தெரியும் எண், இந்த அறையில் வரமாகிறது.

இரண்டாவது வித்தியாசம் ஒலி பக்கவாட்டில் பரவும் விதம். நான் இதை பேஸைவிட முக்கியமாக நினைக்கிறேன். 805எஸ்ஸில் 165 மில்லிமீட்டர் மஞ்சள் கெவ்லார் கூம்பு சுமார் 4 கிலோஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது. அந்த உயரத்தில் ஒலியின் அலைநீளம் எட்டரை சென்டிமீட்டர்தான், கூம்பின் அகலத்தில் ஏறக்குறைய பாதி. அதனால் ஒலி நேர் முன்னால் குறுகிப் பாய்கிறது. அதன்பின் பொறுப்பேற்கும் 25 மில்லிமீட்டர் ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான குட்டிக் குமிழ்) திடீரென்று நாலா பக்கமும் விரித்துப் பரப்புகிறது. காதுக்கு நேராக வரும் ஒலியும் பக்கச் சுவரில் பட்டு வரும் ஒலியும் ஒத்துப்போவதில்லை. திரைச்சீலை, புத்தக அலமாரி, கம்பளம் நிறைந்த அறையில் இது பெரிய விஷயமில்லை. வெறும் சுவர் என்றால் பாடகியின் ‘ஸ’கரங்கள் கூர்மையாகும், வயலினில் வில் உரசும் ஓசை ஸ்வரத்தைத் தாண்டி முன்னே வரும்.

கெஃப் இதற்குத்தான் 1988-லேயே யூனி-க்யூ கொண்டுவந்தது. வூஃபர் கூம்பின் நட்டநடுவில் ட்வீட்டர். இரண்டும் ஒரே புள்ளியிலிருந்து ஒலிப்பதால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் குரலின் நிறம் பெரிதாக மாறுவதில்லை. கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2012-ல் வந்தது எல்எஸ்50. 2020-ல் ட்வீட்டரின் பின்புற ஒலியை உறிஞ்சும் சிக்கல்வழித் தட்டு ஒன்றைச் சேர்த்து மெட்டா ஆக்கினார்கள். அப்போது விலை ஜோடி 1,500 டாலர். போவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் அதே 805 வரிசையில் 2021-ல் விட்ட 805 டி4 ஜோடி அப்போது 8,000 டாலர் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மெட்டாவுக்கும் எல்லை உண்டு. உணர்திறன் (ஒரே மின்சக்திக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது) 85 டெசிபல், 805எஸ்ஸுக்கு 88. அந்த 3 டெசிபலை ஈடுகட்ட இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். இம்பீடன்ஸ், அதாவது மின்தடை, வேறு 3.5 ஓம் வரை சரிகிறது, ஆம்ப்ளிஃபயருக்கு அது கூடுதல் சுமை. எளிய ஏவி ரிசீவரில் (டிவியோடு வைக்கும் ஆம்ப்) மாட்டினால் உயிரில்லாமல் பாடும். ஆம்புக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சாப்பாட்டு அறையோடு சேர்ந்த திறந்த ஹாலா? அப்போது என் ஓட்டு தயங்காமல் 805எஸ்ஸுக்கு. கூம்பின் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். நாதஸ்வரத்தையும் தவிலையும் கல்யாண மண்டப உரப்பில் கேட்க ஆசைப்பட்டால் மெட்டாவின் 130 மில்லிமீட்டர் கூம்புக்கு மூச்சு வாங்கும், 805எஸ் அசராது.

மூன்றாவதாக ஹார்பெத் பி3ஈஎஸ்ஆர். பிபிசி பொறியாளராக இருந்த டட்லி ஹார்வுட் 1977-ல் தொடங்கிய கம்பெனி. வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரின் வழித்தோன்றல் இது. எல்எஸ்50-க்கும் அதுவே மூதாதை. குரலும் தம்புராவும் மட்டும் போதும், ராத்திரி மெல்லக் கேட்பேன் என்பவருக்கு இதற்கு நிகர் எனக்குத் தெரியவில்லை. மூடிய பெட்டி என்பதால் சுவருக்குக் கொஞ்சம் நெருக்கமாகவும் வைக்கலாம். ஆனால் செகண்ட் ஹேண்டிலும் விலை அதிகம் இறங்காது. பழசு வாங்கும் லாபம் இதில் குறைவு.

805எஸ் பார்க்கப் போகிறீர்களா, வலையைக் கழற்றச் சொல்லுங்கள். ட்வீட்டரின் அலுமினியக் குமிழில் குழந்தை விரல் பட்டாலும் பள்ளம் விழும். வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால் தெரியும். பிறகு வூஃபரின் நடுப்பகுதியைச் சுற்றி நாலு விரல் வைத்து மெல்ல, நேராக அழுத்துங்கள். கரகரவென்று உரசினால் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் அடிபட்டிருக்கிறது. மோனோவில் (இரண்டிலும் ஒரே ஒலி வரும்படி) போட்டு பேலன்ஸை இடமும் வலமும் திருப்புங்கள். இரண்டும் ஒரே குரலில் பேச வேண்டும். சீரியல் எண்கள் ஒரே ஜோடியுடையவைதானா என்று பாருங்கள். இதன் வூஃபர் விளிம்பு ரப்பர், அதனால் நிற்கும். ஃபோம் விளிம்பு வைத்த பழைய ஸ்பீக்கர்கள் கடலோர ஈரத்தில் பொடிப்பொடியாக உதிரும். மாற்றும் கூலியை விலையில் கழித்தே பேசுங்கள். குவாட் ஈஎஸ்எல்-63 போன்ற எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்களின் (கூம்புக்குப் பதில் மெல்லிய படலப் பேனல் அதிர்பவை) அழகில் மயங்காதவர் இல்லை, ஆனால் பேனல் ரிப்பேர் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் சென்னையில் வாங்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் ஸ்டாண்டுக்கு, திரைச்சீலைக்கு, தரையில் ஒரு கனமான ஜமுக்காளத்துக்கு என்று தனியாகக் காசு ஒதுக்குங்கள். இரண்டுமே மேஜையில் வைக்கும் ஸ்பீக்கர் அல்ல. ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர வேண்டும், பின்சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி தள்ளி நிற்க வேண்டும். ஸ்டாண்ட் ஆடினால் அடியில் ஒரு கடப்பா கல் துண்டு வைத்தால் போதும்.