‘ஜுராசிக் வேர்ல்ட் டொமினியன்’ பார்க்கப் போகிறீர்களா? டைனோசர் கேட்டால் வெட்டுக்கிளி தருவார்கள்

இந்தப் படத்தை இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். 2022 ஜூனில் வெளியான சூட்டோடு அடித்துப் பிடித்துத் தியேட்டருக்குப் போய் நொந்து திரும்பியவன் சொல்கிறேன்.

2018-இல் வந்த முந்தைய பாகம் எப்படி முடிந்தது? டைனோசர்கள் கூண்டை விட்டு வெளியேறி நாட்டுக்குள் புகுந்துவிட்டன. இனி மனிதனும் அவையும் ஒரே மண்ணில் எப்படிப் பிழைக்கப் போகிறார்கள்? அதைப் பார்க்கத்தான் நானும் டிக்கெட் எடுத்தேன். இவர்களோ அந்தக் கேள்வியை ஆரம்பத்தில் ஒரு செய்தித் தொகுப்போடு ஏறக்கட்டிவிட்டார்கள். அப்புறம் கதை முழுக்க வெட்டுக்கிளி! பயோசின் என்ற நிறுவனம் மரபணுவில் கைவைத்து ராட்சத வெட்டுக்கிளிகளை உருவாக்குகிறது. தங்கள் விதையில் விளைந்த பயிரை அவை தொடாது, அடுத்தவன் வயலை மட்டும் மேயும். யோசனை மோசமில்லை, தனிப் படமாக வந்தால் நானே பார்ப்பேன். டைனோசர் படத்தில் அதற்கு என்ன வேலை?

இதைவிடக் கடுப்பான விஷயம் ஒன்று இருக்கிறது. படம் வருவதற்கு முந்தைய ஆண்டே, சுமார் 5 நிமிட முன்கதை ஒன்றைக் காட்டி ஆசையைக் கிளப்பினார்கள். 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஜைகனோடோசரஸ் என்ற ராட்சத டைனோசர் ஒரு டி-ரெக்ஸைக் கொல்கிறது. செத்த உடலில் ஒரு கொசு உட்கார்ந்து ரத்தம் குடிக்கிறது (இந்தப் படவரிசையில் அப்படிப்பட்ட ரத்தத்திலிருந்துதான் டைனோசர்களை மறுபடி உருவாக்குகிறார்கள்). பிறகு நம் காலத்தில், திறந்தவெளித் திரையரங்கில் நிற்கும் கார்களுக்கு நடுவே ஒரு டி-ரெக்ஸ் புகுந்து ஓடுகிறது. அருமையாக இருந்தது. தியேட்டரில் போய் உட்கார்ந்தால் அது இல்லவே இல்லை, மொத்தமாக வெட்டிவிட்டார்கள்!

வெட்டியதில் படத்துக்கே நஷ்டம். கடைசிச் சண்டையில் அதே இரண்டு இனமும் மோதுகின்றன. அது பழைய பகை என்பது முன்கதை பார்த்தவருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு இரண்டு பெரிய மிருகங்கள் முட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். (ஜைகனோடோசரஸ் அர்ஜென்டினாவில் கிடைத்தது, டி-ரெக்ஸுக்கு ஏறத்தாழ 3 கோடி ஆண்டு மூத்தது. வட அமெரிக்காவில் வாழ்ந்த டி-ரெக்ஸை அது எங்கே போய்ச் சந்தித்தது என்றெல்லாம் கேட்கக் கூடாது.)

2 மணி 27 நிமிடத்துக்குள் திணித்தது கொஞ்சநஞ்சமா? குளோன் சிறுமியைக் கடத்துகிறார்கள், முந்தைய பாகங்களில் வந்த ப்ளூ என்ற ராப்டர் டைனோசரின் குட்டியைக் கடத்துகிறார்கள், மால்டாவில் கள்ளச்சந்தை நடக்கிறது, இத்தாலியின் டோலமைட்ஸ் மலையில் நிறுவனத்தின் சரணாலயம் இருக்கிறது. சாம் நீல், லாரா டெர்ன், ஜெஃப் கோல்ட்ப்ளம் மூவரும் 1993-இல் வந்த முதல் படமான ‘ஜுராசிக் பார்க்’குக்குப் பிறகு முதன்முறையாக முக்கிய வேடங்களில் ஒன்றுசேர்ந்திருக்கிறார்கள். அவர்களை வரவழைத்து வெட்டுக்கிளி ஆராய அனுப்பியிருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல! கோல்ட்ப்ளம் மட்டும் வாயைத் திறந்தால் சிரிப்பு வருகிறது. இத்தனை பேர் ஓடியும் நல்லவர் பக்கம் ஒரு உயிர் போகாது என்று சீக்கிரமே தெரிந்துவிடுவதால் பயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

சரி, நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. விமானத்திலிருந்து காட்டில் வந்து விழும் கதாநாயகி கிளேரை தெரிசினோசரஸ் என்ற டைனோசர் நெருங்கும் காட்சி ஒன்று போதும். அது தாவரம் தின்னும் பிராணிதான், ஆனால் விரல்களில் அரிவாள் மாதிரி நீண்ட நகங்கள். கிளேர் சத்தமில்லாமல் குட்டைத் தண்ணீரில் தவழ்ந்து இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் கிடக்கிறார். அதன் அலகு தண்ணீருக்கு மேல் வந்து நிற்கிறது. இரைச்சல் இசையோ வசனமோ இல்லாமலே தியேட்டர் மூச்சைப் பிடித்தது. மால்டா சந்துகளில் பைக்கை அட்ரோசிராப்டர்கள் துரத்துவதும் விறுவிறுப்புதான். கணினி வரைகலையை மட்டும் நம்பாமல் எந்திரப் பொம்மைகளையும் செய்திருக்கிறார்கள். டைலோஃபோசரஸ் பக்கத்தில் வரும்போது அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது.

அதனால் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பிறகு வீட்டில் பார்ப்பதற்காக 14 நிமிடம் கூடுதலான நீட்டித்த பதிப்பு ஒன்றை வெளியிட்டார்கள். தியேட்டரில் காட்டாத முன்கதை அதில் முதலிலேயே வருகிறது. நீளம் 2 மணி 27 நிமிடம் என்று போட்டிருந்தால் அது வெட்டிய பதிப்பு. 2 மணி 40 நிமிடத்தை ஒட்டி இருந்தால் மட்டும் பிளே பட்டனை அழுத்துங்கள்.